டேவியைப் பார்க்கப் போன அத்தை

கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து சீமைக்குப் போய் வந்த தமிழ் ஆட்கள் மூன்று பேர்தான். என் அத்தை பேச்சியம்மா, அவர் மகன், அவர் மருமகளான நான். இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாராவது, "சீம எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் அத்தை, "குளிரு" என்று மட்டும் சொல்வார். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

அத்தை, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரையின் மகன் டேவியைப் பிறந்த நாளிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்தவர். துரையின் மனைவி துரைசாணிக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் பிள்ளை முழுக்க முழுக்க அத்தையின் கையில்தான் இருந்தானாம். நாலு வயது வரை அவனுக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. சமையல்கட்டு வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்பான். துரைசாணி வந்து இங்கிலீசில் ஏதாவது கேட்டால், "ஆயா, மம்மி என்ன சொல்றாங்க?" என்று அத்தையைப் பார்ப்பான்.

"பெத்தவ பேச்சுக்கு எங்கிட்ட அர்த்தம் கேப்பான்" என்று அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏழு வயதானதும் அவனைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். அது வெள்ளைக்காரர் வழக்கம். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் போய் சில வருடங்கள் ஆகியிருந்தன. அத்தையின் இடுப்பில் அவன் தங்கச்சி ஜீன் இருந்தாள். ஆனாலும் அத்தையின் வாயில் வரும் பெயர் டேவிதான். சோறு வடிக்கும்போது டேவி, தலை சீவும்போது டேவி. இத்தனைக்கும் அத்தைக்குச் சொந்தமாக ஒரு மகன் இருந்தார். அவர்தான் பங்களாவில் 'அப்பு', அதாவது சமையல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர். பெயர் சிவசாமி. வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதினால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

1955ஆம் வருடம் துரைக்கு ஆறு மாத லீவு வந்தது. குடும்பத்தோடு ஸ்கொட்லாந்துக்குப் போகப் போகிறார்கள். ஜீனைப் பார்த்துக்கொள்ள அத்தையும் வர வேண்டும் என்று துரைசாணி கூப்பிட்டார். அத்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேவியப் பாக்கலாம்னா நான் கடல நீந்திக்கூடப் போவேன் பூரணி" என்றார். ஆனால் துரைசாணியிடம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்.

"தனியா வர பயமா இருக்குங்க. மகனும் மருமகளும் வந்தா வர்றேன்."

துரைசாணியின் தாயார் வயதானவர், அவர் வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லை. அதனால் அந்தப் பேச்சு பலித்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஹட்டனைத் தாண்டிப் போகாத நான், கப்பலேறப் போகிறேன் என்று கேட்டதும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயமே கூடிவிட்டது. அடுத்த காம்பராவில் இருந்த மீனம்மா, "பேச்சியம்மா, திரும்பி வர்றப்ப நீ வெள்ளையாத்தான் வருவ" என்றாள்.

"வந்தா மொதல்ல உன்னத்தான் சலாம் போடச் சொல்லுவேன், போடி."

தோட்டத்துத் தமிழரான எங்களுக்கு இலங்கைப் பிரசை என்ற பெயர் கிடையாது. போனால் திரும்பி உள்ளே விடுவார்களோ என்று என் வீட்டுக்காரர் பயந்தார். துரைதான் கொழும்புக்கு அலைந்து போகவர வேண்டிய கடிதங்களை எல்லாம் எடுத்து வந்தார். அத்தைக்கு அந்தக் கவலையே இல்லை. கடலை உருண்டை பிடித்துத் தகர டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் முதல் நாளே எங்களுக்கு அதிர்ச்சி. வெள்ளைச் சட்டை போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் தட்டில் தேத்தண்ணி கொண்டு வந்து எங்கள் முன்னால் குனிந்தான். நாங்கள் மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். அவன் ஏதோ சொல்லி, உட்காரச் சொல்லிக் கை காட்டினான். நாங்கள் உட்காரவில்லை. அவன் தட்டை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

"வெள்ளக்காரன் கையால குடுத்தத எப்படிடா குடிக்கிறது?" என்றார் அத்தை.

"வாயாலதாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் குடிக்கவில்லை. மூன்று கோப்பையும் ஆறிப் போயின.

கரை இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான். ரயிலடியில் கிழட்டு வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தகரப் பெட்டியைத் தோளில் தூக்கினார். என் வீட்டுக்காரர் ஓடிப் போய், "ஐயோ சாமி, வேணாங்க" என்று பிடுங்கினார். அந்தக் கிழவர் திருடன் என்று நினைத்து விடாமல் இழுத்தார். துரை வந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டார். கடலோரத்தில் துரைசாணியின் தாயார் வீடு இருந்த அந்தச் சின்ன ஊரில் வெள்ளைக்காரன் சாக்கடை வாரினான். வெள்ளைக்காரப் பெண் முழங்காலில் நின்று வாசற்படி தேய்த்தாள். நான் அவளைப் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பூரணி, வா, வந்து பாரு. இல்ல, வேணாம், வராத."

"என்னங்க?"

"தொரை பீங்கான் கழுவுறாரு."

நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் பேர் தலை குனியும் துரை, இடுப்பில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு நுரைக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய்ப் பீங்கானை வாங்கப் பார்த்தார். துரை விடவில்லை. துணியை எடுத்துக் கொடுத்து, "அப்பு, நீ தொடைக்கிறது" என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலையை முடித்தார்கள். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. தன் வேலை போய்விடும் என்று பயந்தாரா, துரையை அப்படிப் பார்த்தது தாங்கவில்லையா, அவருக்கே தெரியவில்லை.

அத்தைக்குப் பிரச்சினை தெருவில்தான் வந்தது.

தோட்டத்தில் துரை வந்தால் பாதையை விட்டு இறங்கி, குடையை மடக்கி, தலை குனிந்து நிற்க வேண்டும். மழை எவ்வளவு கொட்டினாலும் அதுதான் முறை. என் மாமனார் காது மந்தமானவர். பழைய துரை காலத்தில் ஒரு மழைநாளில் பின்னால் வந்த குதிரைச் சத்தம் கேட்காமல் குடையோடு நடந்திருக்கிறார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தை கைக்குழந்தையோடு பங்களா வாசலில் விழுந்து கிடந்த பிறகுதான் மன்னித்தார்களாம்.

அந்த அத்தை இப்போது எல்லாரும் வெள்ளைக்காரராக இருக்கும் தெருவில் நடக்கிறார். அங்கே மழையோ விட்டு விட்டுப் பெய்யும். கடைக்குப் போகும் வழியில் எதிரே ஒருவர் வந்தால் நடைபாதையை விட்டு இறங்கிக் குடையை மடக்குவார். அவர் போனதும் விரிப்பார். நாலு அடி வைப்பதற்குள் அடுத்தவர் வருவார். மறுபடி மடக்குவார். பால்காரனுக்கு மடக்கினார். தபால்காரனுக்கு மடக்கினார். சாக்கடை வாரியவனுக்கும் மடக்கினார். அந்த மனிதன் பயந்து போய்த் தன் தொப்பியைக் கழற்றினான். அத்தை இன்னும் குனிந்தார். எத்தனை நேரம் அப்படியே நின்றிருப்பார்களோ, நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"அத்தே, இங்க எல்லாருமே வெள்ளக்காரங்க. எத்தன பேருக்குத்தான் மடக்குவீங்க?"

"இதுல எவரு தொரை, எவரு தொரையில்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? மடக்காம விட்ட ஒருத்தரு தொரையா இருந்துட்டா?"

வீட்டுக்கு வந்தபோது அத்தையும் நனைந்திருந்தார், தள்ளுவண்டியில் ஜீனும் நனைந்திருந்தாள். துரைசாணி கத்தினார். "ஆயா! பேபி எல்லாம் தண்ணி! குடை இருக்குது, ஏன் பிடிக்காதது?"

அத்தை அடுத்த நாளிலிருந்து வண்டிக்கு மேலே போர்வை கட்டினார். தான் மட்டும் நனைந்தார்.

இதெல்லாம் அத்தைக்கு ஒரு பொருட்டே இல்லை. டேவி வேறு ஊரில் பள்ளிக்கூடத்திலேயே தங்கிப் படித்தான். லீவு விட்டதும் வருவான் என்று துரைசாணி சொல்லியிருந்தார். கடலை உருண்டை நமத்துவிடாமல் அடிக்கடி டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டார் அத்தை. என்னிடம் ஒரே கேள்விதான்.

"என்னத் தெரியும்ல அவனுக்கு?"

"தெரியாம இருக்குமா அத்தே?"

"அஞ்சு வருசமாச்சுடி."

அவன் வருவதாகச் சொன்ன நாளில் நானும் அத்தையும் ஜீனை வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல் இருந்தது. எதிரே இரண்டு பையன்கள் வந்தார்கள். தொப்பி, கோட்டு, அரைக் காற்சட்டை, காலில் முட்டிக்குக் கீழே வரை இழுத்த மேசோடு. அத்தை வழக்கம்போல இறங்கிக் குடையை மடக்கித் தலை குனிந்தார். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். உயரமாக இருந்த பையனின் முகம் துரைசாணியின் தாயார் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கும் முகம்.

டேவி.

அவன் நின்றுவிட்டான். அத்தையைப் பார்த்தான். தள்ளுவண்டியைப் பார்த்தான். அவன் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறியது. கூட வந்த பையன் அத்தை நின்ற கோலத்தைக் கண்டு சிரித்து, டேவியின் தோளில் தட்டி, அத்தையைக் காட்டி ஏதோ கேட்டான். டேவி தலையை ஆட்டினான்.

"நோ."

எனக்குத் தெரிந்த இங்கிலீசு கொஞ்சம். அதில் அந்தச் சொல் உண்டு. இரண்டு பேரும் நடந்து போய்விட்டார்கள். முனையில் திரும்பும்போது டேவி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் ஓடினான்.

அத்தை நிமிர்ந்தார், குடையை விரித்தார், வண்டியைத் தள்ளினார்.

"என்னடி மரமா நிக்கிற? வா, புள்ள வந்துருவான்."

வீட்டுக்குப் போனபோது அவன் வேறு வழியாக எங்களுக்கு முன்பே வந்து கணப்பு அருகே நின்றிருந்தான். கூட்டாளிப் பையன் இல்லை. துரையும் துரைசாணியும் சிரித்த முகமாக இருந்தார்கள். அவன் கண்கள் முதலில் என் மேல்தான் விழுந்தன. சொல்லிவிடாதே என்று கெஞ்சும் கண்கள். பிறகு அத்தையிடம் வந்து கையை நீட்டினான்.

"ஹலோ, ஆயா."

நீட்டிய அந்தக் கையை என்ன செய்வது என்று அத்தைக்குத் தெரியவில்லை. முந்தானையில் தன் கையைத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தக் கையைப் பொத்திக்கொண்டார்.

"வளந்துட்டீங்க ராசா. ஆயாவுக்கு அடையாளமே தெரியல."

டேவி தன் தாயைப் பார்த்தான். அத்தை என்ன சொல்கிறார் என்று கண்ணாலேயே கேட்டான். துரைசாணி இங்கிலீசில் சொன்னார். கேட்டதும் அவன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

"தமிழ் எல்லாம் மறந்தது ஆயா" என்றார் துரைசாணி சிரித்துக்கொண்டு. "ஸ்கூல் போனது, முதல் வருஷம், ராத்திரி தூக்கத்தில் தமிழ் பேசினது. பையன்கள் எல்லாம் சிரிச்சது, அடிச்சது. அப்புறம் மறந்தது. இப்ப நல்லது."

அத்தையின் முகம் மாறியதை நான் மட்டும் பார்த்தேன். அவர் அவன் கையை மெதுவாக விட்டுவிட்டார். கடலை உருண்டை டப்பாவைக் கொடுத்தார். அவன் ஒன்றை எடுத்துக் கடித்து, "தேங்க் யூ" என்றான். நல்ல பிள்ளை. துப்பவில்லை. மீதியைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த நாட்டில் கோடைகாலத்தில் இராச் சாப்பாடு முடிந்தும் வெளிச்சம் போகாது. அதுவே எங்களுக்கு ஒரு திகிலாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தோம். நான் எதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்பவள். அன்றைக்கு அடக்க முடியவில்லை.

"அத்தே, வழியில ரெண்டு பையங்க வந்தாங்களே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உசரமா வந்தது டேவி."

"நீங்கதான் தலையத் தூக்கவே இல்லையே!"

"தலையக் குனிஞ்சா மொகம் தெரியாது. காலு தெரியும்ல? வலது முட்டியில தழும்பு. தேயில ஸ்டோருக்குப் பக்கத்துல தகரத்துல விழுந்து கிழிச்சுக்கிட்டான். தையல் போடுறப்ப அந்தக் கால நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா அந்த முட்டி?"

"அப்பறம் ஏன் கூப்பிடல?"

"கூட்டாளிப் பையன் பக்கத்துல நிக்கிறான். நான் தண்ணி சொட்டச் சொட்டச் சாக்கடையில நிக்கிறேன். ராசான்னு கூப்பிட்டா அவன் எங்க போயி ஒளிவான்?"

"அவன் நோன்னு சொன்னான் அத்தே."

"கேட்டுச்சு. அந்த ஒரு வார்த்த எனக்குந் தெரியும்."

அவர் அழவில்லை. ஜீனின் சின்னச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, "அடிச்சாங்களாம்டி" என்றார். "நான் குடுத்த பேச்சுக்காக அந்தப் புள்ள அடி வாங்கியிருக்கு. நான் அங்க சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், பெத்தவ பேச்சுக்கு எங்கிட்ட அர்த்தம் கேப்பான்னு."

மறுநாள் காலையில் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஜீன் தூங்கி எழுந்து கட்டிலில் நின்றுகொண்டு, "ஆயா, தூக்கு" என்றாள். அத்தை அசையவில்லை. "ஆயா, தூக்கு! ஆயா!" அத்தை அவளை வாரி எடுத்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பாட்டுப் பாடச் சொன்னாள். அத்தை தனக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீசு வார்த்தையைப் போட்டு, "கம் பேபி. ஈட் பேபி" என்றார். மூன்று வயதுப் பிள்ளை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் வாயைத் தன் இரண்டு விரலால் பிடித்து இழுத்துத் திறக்கப் பார்த்தாள்.

நாள் முழுக்க அழுதாள். அத்தையை அடித்தாள், கடித்தாள். அத்தை அடியை வாங்கிக்கொண்டு, "நோ கிரை, பேபி" என்றார். என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும், "புள்ளகிட்ட ஒரு வார்த்த தமிழ் பேசுனா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

"ஏன் அத்தே, இப்படிப் பச்சப்புள்ளய அழ வைக்கிறீங்க?"

"இப்ப அழுதா நான் தூக்கிச் சமாதானம் பண்ணுவேன். அந்தப் பள்ளிக்கூடத்துல போயி அழுதா யாரு தூக்குவா?"

கொஞ்ச நாளில் பிள்ளை அழுவதை விட்டுவிட்டாள். மெல்ல மெல்லத் தாயோடும் பாட்டியோடும் இங்கிலீசு பேசத் தொடங்கினாள். துரைசாணிக்குத் தாங்க முடியாத சந்தோசம். "வெரி குட், ஆயா! வெரி குட்!" என்று தன் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றை அத்தைக்குக் கொடுத்தார். திரும்பி வரும் கப்பலில் ஜீன் அத்தையின் மடியில் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் இங்கிலீசில் கதை சொல்வாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "எஸ் பேபி, எஸ் பேபி" என்பார். ஒன்றும் புரிந்திருக்காது.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அப்படியேதான். லயத்துப் பிள்ளைகளை ஜீன் பக்கத்தில் அண்டவிட மாட்டார். மீனம்மாவுக்கு ஆத்திரம். "சீமைக்குப் போயிட்டு வந்ததும் தமிழு நாறுதோ பேச்சியம்மாவுக்கு?" என்று காது கேட்கவே சொன்னாள். வாய்க்கு வாய் கொடுக்கும் அத்தை தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய்விட்டார்.

1959இல் ஜீனுக்கும் ஏழு வயதானது. துரைசாணி அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பெட்டி ஏற்றுவதற்காக நாங்கள் மூன்று பேரும் ஹட்டன் ரயிலடிக்குப் போனோம். ஜீனுக்குத் தலையில் தொப்பி, கையில் உறை. பெரிய மனுசி மாதிரி அத்தைக்குக் கை கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அழவில்லை. அத்தை என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அழல" என்றார். வேலை சரியாக முடிந்தது என்று சொல்லும் குரல்.

மணி அடித்தார்கள். அப்போது ஜீன் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி அத்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வேகமாகச் சொன்னாள். நிறையச் சொன்னாள். அவள் உதடு துடித்தது. அத்தை, "எஸ் பேபி, எஸ் பேபி" என்றார். அவள் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டி, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். "எஸ் பேபி." ரயில் நகர்ந்தது. விரல் விட்டுப் போகும் வரை அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

அத்தை கொட்டகலை பஸ்ஸில் ஏறியதும் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா சொல்லுச்சு?"

"ரயில் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலம்மா."

"நீ தொரை வீட்டுல இத்தன வருசம் இருக்க. ஒரு வார்த்தயுமா பிடிபடல?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சூப்பு, ரோஸ்ட்டு, புடிங்கு. அது அதச் சொல்லல."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்திலேயே மறுபடி கேட்டார். "யோசிச்சுப் பாருடா. ரெண்டு தடவ சொல்லுச்சே." பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் தலை குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல், "உடம்பப் பாத்துக்க ஆயான்னு சொல்லுச்சும்மா. சீக்கிரம் வர்றேன்னு சொல்லுச்சு" என்றார்.

அத்தை அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ சொல்றியா, அது சொல்லுச்சா?"

என் வீட்டுக்காரர் பஸ் டிக்கட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். கொட்டகலையில் பஸ் நின்றதும் நாங்கள் இறங்கினோம்.